வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் முதல் வேலை: நம் பாஸ்போர்ட்டுக்குத் திறக்கும் கதவுகள் எவை?

பொருநைக்கரைப் பெண் | ஜனவரி 9

அனைவருக்கும் வணக்கம். வயது 24. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். இரண்டு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் 9,000 ரூபாய். அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு.

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. விளம்பரங்களைப் பார்த்தால் பலவும் ‘ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும்’ என்கின்றன. மதுரையில் ஓர் ஏஜெண்ட், தாய்லாந்தில் பள்ளி வேலை உறுதி என்கிறார். கட்டணம் 85,000 ரூபாய். முதலில் சுற்றுலாப் பயணியாகப் போய்விட வேண்டுமாம். வேலை விசாவை அங்கே மாற்றிக்கொடுத்துவிடுவார்களாம். அசல் பட்டச் சான்றிதழை இந்த வாரமே கொடுத்துவைக்கச் சொல்கிறார். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பி.எட். இல்லாமல் முடியுமா? ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ் போதுமா? போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோராட் அக்கா | ஜனவரி 9

சங்கிலியை அடகு வைக்காதே அம்மா. சான்றிதழையும் கொடுக்காதே. மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

நான் திருச்சிக்காரி. 2018இலிருந்து தாய்லாந்தின் வடகிழக்கில், நாக்கோன் ராட்சசிமாவில் இருக்கிறேன். கோராட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அரசு மேல்நிலைப் பள்ளி, ஒரு வகுப்பில் 42 பிள்ளைகள்.

முதலில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள். தென்கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தில் நமக்கு ஒரு சிறு சன்னல் உண்டு, ஆனால் அதற்கு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். சீனாவிலும் ஆங்கிலம் கற்பிக்க நம் பாஸ்போர்ட்டுக்கு முறையான அனுமதி கிடைப்பது மிக அரிது. போதாக்குறைக்கு, 2021 ஜூலையில் அங்கே தனிப்பயிற்சி மையங்களுக்கு அரசு கடிவாளம் போட்ட பிறகு, இருந்தவர்களே வேலை இழந்து திரும்பினார்கள். ஜப்பானில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் 12 ஆண்டுகள் ஆங்கிலவழியில் படித்ததைக் காட்ட வேண்டும். உனக்குப் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி, எனவே அதுவும் ஒத்துவராது. இது உன் ஆங்கிலத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. விதி அப்படி, அவ்வளவுதான். இந்த மூன்று நாடுகளுக்கும் விண்ணப்பம் போட்டுப் போட்டு மனம் உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாய்லாந்து திறந்திருக்கிறது, ஆனால் வழி ஒன்றுதான். பள்ளி உன்னைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். அதை வைத்து நீ ஊரிலிருந்தே, சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகம் வழியாக, நான்-இமிகிரண்ட் பி என்ற விசா வாங்க வேண்டும். அதில் 90 நாட்கள் தங்கலாம். அதற்குள் பள்ளி உனக்குப் பணி அனுமதி எடுத்துத் தந்து, தங்கும் காலத்தை ஓராண்டுக்கு நீட்டிக்கும். ஆசிரியர் மன்றம் இருக்கிறது, குருசபா என்று பெயர். முழு உரிமம் இல்லாதவர்களுக்கு இரண்டாண்டு தற்காலிக அனுமதியை அதனிடமிருந்து பள்ளியே கேட்டு வாங்கும். இதற்கு ஏதேனும் ஒரு பட்டம் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நமக்கு டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணோ அதற்கு இணையானதோ கேட்பார்கள். இலக்கியம் படித்த உனக்கு ஒரு மாதம் பயிற்சி எடுத்தால் அது எட்டாத மதிப்பெண் அல்ல. பி.எட். இல்லாமலே நான் வந்தேன்.

சுற்றுலாப் பயணியாக நுழைந்து வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், பிறகு இரண்டு ஆண்டுகளுக்குப் பணி அனுமதி கேட்கவே முடியாது. ஏஜெண்டுக்கு ஒன்றும் ஆகாது.

தோஹா ஆசிரியை | ஜனவரி 10

கோராட் அக்கா சொன்ன சட்டம் சரி. ஆனால் சம்பளத்தையும் சொல்லியிருக்க வேண்டும். அதே பள்ளியில், அதே பாடத்துக்கு, பயிற்சியே இல்லாத ஒரு வெள்ளைக்கார இளைஞருக்கு 35,000 பாட், நமக்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களுக்கும் 18,000 என்றால் அது வேலையா, அவமானமா? என் தோழி இரண்டு ஆண்டுகள் பாங்காக்கில் இருந்துவிட்டு, அதைத் தாங்க முடியாமல்தான் திரும்பினாள்.

தங்கைக்கு என் கருத்து: இரண்டு ஆண்டுகள் பொறுத்து பி.எட். முடியுங்கள். வளைகுடாவில் சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அங்கே ‘உன் தாய்மொழி என்ன’ என்று யாரும் கேட்பதில்லை. பி.எட். இருக்கிறதா, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பார்கள். நான் அப்படித்தான் வந்தேன். என்னை என் தகுதியை வைத்து எடைபோட்டார்கள். அந்த மரியாதைக்காக இரண்டு ஆண்டு காத்திருக்கலாம்.

கோராட் அக்கா | ஜனவரி 10

சம்பள வேறுபாடு உண்மை. மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நான் 19,000 பாட்டில் தொடங்கினேன். அப்போது ஒரு பாட் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல். பக்கத்து மேசையில் இருந்தவர் 34,000 வாங்கினார். முதல் ஆண்டு அது முள்ளாகக் குத்தியது, இன்றும் குத்துகிறது. அது அநியாயம் என்றே சொல்வேன்.

ஆனால் பி.எட். படிக்க இரண்டு ஆண்டும் பணமும் அந்த வீட்டில் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. வாடகை 3,500, சாப்பாடு கையால் சமைத்தது, மாதம் 9,000 பாட் வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் ஆண்டு பள்ளி மாறினேன், சம்பளமும் ஏறியது. நடுவில் தொலைநிலையில் எம்.ஏ. முடித்தேன். அவரவர் வீட்டு நிலைமைதான் இதைத் தீர்மானிக்கும்.

தீவு வாத்தியார் | ஜனவரி 11

நாகர்கோவில்காரன். மாலத்தீவில் ஒன்பது ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்தவன். திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். அந்த நாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே பள்ளிப் படிப்பே ஆங்கிலவழி. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல பத்தாண்டுகளாக ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே நாம் புதியவர்கள் அல்லர். தீவில் இறங்கியதும் ‘உங்களுக்கு முன்னால் இருந்த சாரும் கன்னியாகுமரிதான்’ என்று ஒரு மீனவர் என்னிடம் சொன்னார்.

ஆனால் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் பி.எட். கேட்பார்கள். தனிமை ஒரு பெரிய விஷயம். நான் இருந்த தீவை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து கடக்கப் பன்னிரண்டு நிமிடம். வெள்ளியும் சனியும் விடுமுறை, போக இடம் கிடையாது. கடல் கொந்தளித்தால் காய்கறிப் படகு வராது. தேங்காயும் சூரை மீனும்தான்.

ஒப்பந்தத்தில் சம்பளம் எந்த நாணயத்தில் என்று பாருங்கள். இதை ஆயிரம் முறை சொல்வேன். எங்களுக்கு ரூஃபியாவில் வந்தது. ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அரசு விகிதம். ஆனால் அந்த விகிதத்தில் வங்கியில் டாலர் கேட்டால் போதுமான அளவு தர மாட்டார்கள். வெளியே வாங்கினால் விலை அதிகம். ஆக, காகிதத்தில் உள்ள சம்பளம் ஒன்று, ஊரில் அம்மா கையில் போய்ச் சேர்வது வேறொன்று. எந்த நாட்டுக்குப் போனாலும், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஓர் இந்திய ஆசிரியரிடம் ‘போன மாதம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடிந்தது’ என்று கேளுங்கள். அந்த எண்தான் சம்பளம்.

மணப்பாறை முருகன் | ஜனவரி 12

நான் ஆசிரியன் அல்லன். என் தம்பிக்காக எழுதுகிறேன். அவன் பொறியியல் படித்தவன். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஓர் ஏஜெண்ட் அனுப்பினார். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றினார்கள். ஏழு, எட்டு மணி நேரப் பயணம். மே சோட் என்ற எல்லை ஊர். இரவில் ஓர் ஆற்றைக் கடக்க வைத்தார்கள். விடிந்தபோது அவன் மியான்மரில், மியாவடிப் பகுதியில் இருந்தான். இணைய மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். நான்கு மாதங்கள். திரும்பி வந்தவன் இன்னும் இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை.

வெளியுறவு அமைச்சகம் 2022லிருந்து இதைப் பற்றி எச்சரித்துவருகிறது. எங்களுக்கு அது கண்ணில் படவில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களைத்தான் அந்தக் கும்பல்கள் அதிகம் தேடுகின்றன. தங்கையே, சுற்றுலாப் பயணியாக வா என்று சொல்கிற எவரையும் நம்பாதீர்கள். பள்ளியின் பெயரைக் கேளுங்கள். பள்ளியின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து, அழைத்துப் பேசுங்கள். ஏஜெண்ட் கொடுக்கும் எண்ணில் வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் நம் நாட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பட்டதாரிகளுக்கு ஈசிஎன்ஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட், அதனால் இந்தச் சட்டமே பொருந்தாது என்று எங்கள் ஏஜெண்ட் சொன்னார். அது பொய். குடியேற்ற அனுமதி உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம், ஏஜெண்டுக்குப் பதிவு தேவை. சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேளுங்கள். நாங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டோம்.

பொருநைக்கரைப் பெண் | ஜனவரி 14

முருகன் அண்ணா, உங்கள் தம்பி முழுவதும் தேற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சங்கிலிப் பேச்சு அன்றோடு நின்றுவிட்டது.

ஏஜெண்டிடம் பள்ளியின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டேன். ‘முதலில் பணம், பிறகு பெயர்’ என்றார். நான்காவது முறை அழைத்தபோது எடுக்கவில்லை.

இப்போது நானே பள்ளிகளுக்கு நேரடியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு இடங்களில் காணொளி வழியாக மாதிரி வகுப்பு எடுத்துக்காட்டச் சொல்கிறார்கள். பதினைந்து நிமிடம். அதில் என்ன செய்வது?

கோராட் அக்கா | ஜனவரி 15

இதைத்தான் நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் முதல் மாதிரி வகுப்பில் தோற்றேன். தலைப்பு, நிகழ்காலத் தொடர்வினை. பலகையில் வாய்பாட்டை எழுதி, மூன்று வகையாகப் பிரித்து, எடுத்துக்காட்டோடு அழகாக விளக்கினேன். பத்து நிமிடம் நானே பேசினேன். கடைசியில் ‘புரிந்ததா?’ என்று கேட்டேன். மாணவர்களாக நடித்த ஆசிரியர்கள் ‘எஸ், டீச்சர்’ என்றார்கள். அந்தப் பள்ளியின் துறைத்தலைவி மென்மையான குரலில் ஒன்று கேட்டார்: ‘இந்தப் பத்து நிமிடத்தில் மாணவர் எத்தனை சொல் பேசினார்?’ இரண்டு சொல். அந்த இரண்டும்கூட நான் பிடுங்கிய சொற்கள்.

நாம் படித்த வகுப்பறை அப்படி. ஆசிரியர் விளக்குவார், பிள்ளைகள் கோரஸாக ஆமாம் போடுவார்கள். அதை மறப்பதுதான் முதல் பயிற்சி.

இப்படிச் செய்து பார். ஒரு மாம்பழக் கூடை, ஒரு தராசு, கொஞ்சம் காசு. படமாக இருந்தாலும் போதும். விலை கேட்பது பாடம். முதல் இரண்டு நிமிடம் நீயே கடைக்காரியாகவும் வாங்குபவளாகவும் நடித்துக்காட்டு. விளக்காதே. வாக்கியத்தை மூன்று முறை தெளிவாகச் சொல், அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். பிறகு ஒரு மாணவரைக் கடைக்காரர் ஆக்கு. பிறகு இரண்டிரண்டு பேராக எல்லோரும். நீ வாயை மூடிக்கொண்டு வகுப்புக்குள் நட, காதைத் தீட்டிக் கேள். கடைசி மூன்று நிமிடத்தில், கேட்ட பிழைகளில் இரண்டை மட்டும் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எழுதி, அவர்களையே திருத்தச் சொல்.

புரிந்ததா என்று கேட்காதே. புரிந்ததைக் காட்டும் கேள்வியைக் கேள். ‘பழம் முப்பது பாட், நான் ஐம்பது கொடுக்கிறேன். இப்போது அவள் என்ன சொல்வாள்?’ புரியாதவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

உத்தரவு கொடுக்கும்போது சொற்களைக் குறை. ‘இப்போது நீங்கள் எல்லோரும் உங்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து’ என்று ஆங்கிலத்தில் நீட்டினால் முதல் ஐந்து சொல்லிலேயே பிள்ளைகள் தொலைந்துபோவார்கள். இரண்டு விரலைக் காட்டு, ‘இரண்டு பேர், பேசுங்கள்’ என்று சொல். போதும்.

தாய்லாந்துப் பிள்ளைகளின் நாக்கைப் பற்றி ஒன்று. அவர்கள் மொழியில் சொல்லின் இறுதியில் சில மெய்கள்தான் வரும். ‘பஸ்’ என்பது ‘பத்’ என்று முடியும். ‘ஃபுட்பால்’ என்பதன் கடைசி ல் அவர்கள் வாயில் ன் ஆகிவிடும். ‘ரைஸ்’ வெறும் ‘ரை’. நாமோ நேர் எதிர். இறுதியில் ஓர் உகரத்தை ஒட்டி ‘பஸ்ஸு’ என்போம். அவர்கள் கதவை முன்னதாகச் சாத்துகிறார்கள், நாம் சாத்தாமல் விடுகிறோம். ‘ஸ்கூல்’ நமக்கு ‘இஸ்கூல்’, அவர்களுக்கு ‘சகூன்’. என் முதல் வாரத்தில் இதைக் கவனித்தபோது, இந்தப் பிள்ளைகள் பிழை செய்யவில்லை, தங்கள் மொழியின் ஒழுங்கைக் கொண்டுவந்து இங்கே வைக்கிறார்கள் என்று புரிந்தது. நானும் ஒன்பது வயதில் அதைத்தான் செய்தேன். ஆங்கிலத்தைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவருக்கு இது கண்ணில் படவே நாளாகும். உனக்கு முதல் நாளே படும். வேலைக்கான நேர்காணலில், ஆங்கிலம் உன் தாய்மொழி இல்லையே என்று கேட்டால் இதைச் சொல்.

ஹாய்ஃபோங் தம்பி | ஜனவரி 17

அக்கா சொன்னதோடு நம் நாக்கின் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வியட்நாமின் ஹாய்ஃபோங்கில் ஒரு மொழி மையத்தில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன், ஊர் தருமபுரி. முதல் நேர்காணலில் என் குரலைப் பதிவு செய்து எனக்கே போட்டுக்காட்டினார்கள். ‘எக்’ என்பதை ‘யெக்’ என்றும் ‘ஒன்லி’ என்பதை ‘வொன்லி’ என்றும் சொல்லியிருந்தேன். தமிழில் சொல்லின் முதலில் வரும் எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கக் குரலில் பேசப் பழகாதீர்கள், அது இரண்டு நிமிடத்தில் உதிர்ந்துவிடும். இந்த யகர வகரத்தையும் சொல்லின் இறுதி உகரத்தையும் மட்டும் உதிர்த்தால் போதும். எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. தினமும் ஒரு பத்தி வாசித்து, பதிவு செய்து, கேட்டேன்.

வியட்நாம் நிலைமை: பணி அனுமதிக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று. மொழி மையங்களுக்கான 2018ஆம் ஆண்டு விதியின்படி, மொழிப் பட்டமோ, வேறு பட்டம் என்றால் சி1 என்ற உயர்நிலை மொழித்திறன் சான்றோ கற்பித்தல் சான்றிதழோடு வேண்டும் என்றார்கள். நான் வேதியியல் பட்டதாரி என்பதால் ஐஇஎல்டிஎஸ் எழுதி 7.5 வாங்கிக் கொடுத்தேன்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேம்பிரிட்ஜின் செல்ட்டா என்ற கற்பித்தல் சான்றிதழ் 120 மணி நேரம், அதில் உண்மையான மாணவர்களுக்கு நீங்கள் ஆறு மணி நேரம் வகுப்பெடுக்க, பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். டிரினிட்டி சான்றிதழும் அப்படியே. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 120 மணி நேரச் சான்றிதழில் அந்த ஆறு மணி நேரம் இருக்காது. எண் ஒன்றுதான், பொருள் வேறு. முடிந்தவர்கள் செல்ட்டா செய்யுங்கள்.

தோஹா ஆசிரியை | ஜனவரி 17

செல்ட்டா கட்டணம் லட்சத்தைத் தாண்டும் தம்பி. மாதம் 9,000 வாங்கும் பெண்ணிடம் சொல்கிற யோசனையா இது?

ஹாய்ஃபோங் தம்பி | ஜனவரி 18

நியாயம். யோசிக்காமல் எழுதிவிட்டேன். அப்படியானால், மலிவான சான்றிதழை எடுங்கள், அதில் இல்லாத ஆறு மணி நேரத்தை நீங்களே உண்டாக்குங்கள். ஏற்கெனவே மாலை வகுப்பு எடுக்கிறீர்கள். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, என்ன தவறு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் பாடக்குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் அந்தத் தாள்களைக் காட்டினால் சான்றிதழைவிட அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். நான் ஆளெடுக்கும் குழுவில் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கடல்தாண்டி | ஜனவரி 19

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று போடுங்கள். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவோம் என்றால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நான் அறிந்த பலர் அப்படித்தான் போனார்கள்.

கோராட் அக்கா | ஜனவரி 19

விசா அலுவலகம் பார்ப்பது பாஸ்போர்ட்டை, நீ எழுதியதை அல்ல. ஆகவே அந்தப் பொய்யால் ஒரு பயனும் இல்லை. பள்ளிக்கு உண்மை தெரிகிற நாளில் ஒப்பந்தத்தை முறிக்க அதுவே காரணமாகிவிடும். அதற்கும் மேல், பீடி சுற்றிப் படிக்கவைத்த தாயின் மொழியை ஒரு கட்டத்துக்குள் மறைத்துவிட்டு என்ன கற்பிப்பது? தமிழ் என்றே எழுது அம்மா. அடுத்த வரியில், ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்றவள், கற்பவரின் சிரமம் அறிந்தவள் என்று எழுது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் | ஜனவரி 22

எனக்கு வயது 74. 1979இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்துக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனேன். அங்கே எண்ணெய்ப் பணம் புரண்ட காலம், பள்ளிகள் பெருகிய அளவுக்கு ஆசிரியர்கள் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனோம். என் மாணவர்களின் தாய்மொழி ஹௌசா. ‘சார், உங்கள் ஊரிலும் ஆங்கிலம் வேறு ஊர் மொழிதானா?’ என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அந்த வகுப்பு என்னிடம் தப்பாகப் பேச அஞ்சவில்லை.

தீவு வாத்தியார் நாணயம் பற்றி எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்தது. 1986இல் நைராவின் மதிப்பு சரிந்தபோது, பல ஆண்டுகள் வங்கியில் சேர்த்தது பல மடங்கு சுருங்கிப்போனது. வீடு கட்டப் போட்ட திட்டம் அடித்தளத்தோடு நின்றது. சம்பளத்தை அங்கே தேக்காதீர்கள். மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. திரும்பி வர விமானக் கட்டணத்துக்கான பணத்தை யாருக்கும் தெரியாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால்தான் மோசமான பள்ளியை விட்டு வெளியேறும் துணிவு வரும்.

பொருநைக்கரைப் பெண் | ஏப்ரல் 18

மூன்று மாதம் எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மொத்தம் 61 பள்ளிகளுக்கு எழுதினேன். பதில் வந்தது 14. காணொளி நேர்காணல் 5. முதல் இரண்டில் தோல்வி. ஒன்றில் என் இணைய இணைப்பு அறுந்தது. மற்றொன்றில், எல்லாம் முடிந்த பிறகு, பெற்றோர் வெள்ளைக்காரரை எதிர்பார்ப்பதாக நேராகவே சொன்னார்கள். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் மாலை வகுப்பில் என் பிள்ளைகள் மாம்பழக் கடை பாடத்தைச் செய்துகாட்டச் சொன்னார்கள். செய்தோம். மனம் கொஞ்சம் நிமிர்ந்தது.

ஹாய்ஃபோங் தம்பி சொன்னபடி என் கல்லூரிப் பேராசிரியையைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். ஆறு முறையும் வந்தார். முதல் தாளில் அவர் எழுதியது: ‘நீ நாற்பது நிமிடத்தில் முப்பத்தொரு நிமிடம் பேசினாய்.’ ஆறாவது தாளில்: ‘பதினான்கு.’

அந்தத் தாள்களை ஐந்தாவது நேர்காணலில் காட்டினேன். தாய்லாந்தின் கோன் கேன் மாகாணத்தில் ஒரு பள்ளி. அந்த அம்மையார் ஒவ்வொரு தாளையும் திரையின் அருகே பிடிக்கச் சொல்லிப் படித்தார். தாய்மொழி பற்றிக் கேட்டார். பஸ், பஸ்ஸு, பத் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் பெயரின் கடைசி எழுத்தை வெளிநாட்டு ஆசிரியர்கள் யாரும் சரியாகச் சொல்வதில்லை என்றார்.

கடிதம் வந்துவிட்டது. சம்பளம் 20,000 பாட், வீட்டு வாடகைக்குத் தனியாக 2,000. டோயிக்கில் 855. பட்டச் சான்றிதழில் சான்றொப்பம் வாங்கவே ஐந்து வாரம் ஓடியது. அதை ஜனவரியிலேயே தொடங்கியிருக்க வேண்டும், பிறருக்குப் பயன்படட்டும் என்று சொல்கிறேன். பள்ளியின் தொலைபேசி எண்ணை நானே தேடி அழைத்துப் பேசினேன், முருகன் அண்ணா. முந்தாநாள் விசா கிடைத்தது. மே மாத நடுவில் பள்ளி திறக்கிறது. செலவு எல்லாம் சேர்த்து, விமான டிக்கெட் உட்பட, 58,000 ரூபாய். அதில் 20,000 மட்டும் கடன், சித்தியிடம்.

தோஹா அக்கா, பி.எட். எண்ணத்தை விடவில்லை.

தோஹா ஆசிரியை | ஏப்ரல் 18

விடாதீர்கள். இந்த முறை நான் சொன்னதைக் கேட்காமல் இருந்ததற்கு மகிழ்ச்சிதான். 20,000 என்பதை ஓராண்டுக்குப் பிறகு பேசி உயர்த்துங்கள், அந்த ஆறு தாள்களைப் போல அடுத்தவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மணப்பாறை முருகன் | ஏப்ரல் 19

தம்பியிடம் சொன்னேன். ‘பள்ளியா? சரியான பள்ளிதானா? பேசினாளா?’ என்று மூன்று முறை கேட்டான். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். அவன் எதிர்பார்த்துக்கொண்டிருப்பான்.

கோராட் அக்கா | ஏப்ரல் 19

கோன் கேன் என் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான். முதல் வாரமே வந்து பார்க்கிறேன்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: கறுப்பு ஷூ, வார் இல்லாமல் சட்டென்று கழற்றக்கூடியது, பல அறைகளுக்கு வெளியே கழற்ற வேண்டியிருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை இரண்டு. திங்கட்கிழமைகளில் ஆசிரியர்கள் மஞ்சள் உடுத்துவது வழக்கம், அதற்கு ஒரு மேல்சட்டை. புளியும் பெருங்காயமும் கொண்டுவா. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் நான் தருகிறேன், தொட்டியில் வளர்க்கிறேன்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ‘வை க்ரூ’ என்று ஆசிரியர் வணக்க நாள் வரும். க்ரூ என்றால் நம் குருதான். பிள்ளைகள் வரிசையாக முழங்காலிட்டு வந்து உன் கையில் ஒரு சிறு மலர்த்தட்டைக் கொடுப்பார்கள். அதைக் குனிந்து பார். கத்தரிப்பூ, இட்லிப்பூ, அருகம்புல். முதல் ஆண்டு என் தட்டில் அருகம்புல்லைப் பார்த்தபோது, பிள்ளையார் கோயில் வாசலில் நிற்பதுபோல் இருந்தது, கண் கலங்கிவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பிள்ளையின் தட்டை வாங்க வேண்டும். 42 பேர் காத்திருப்பார்கள். கைக்குட்டை ஒன்று எடுத்துக்கொண்டு போ.

பொருநைக்கரைப் பெண் | மே 7

முருகன் அண்ணா, தம்பியிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்துவிட்டேன். பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியைகள் விமான நிலையத்துக்கே வந்திருந்தார்கள். கையில் என் பெயர் எழுதிய அட்டை, தாய் எழுத்திலும் ஆங்கிலத்திலும். வகுப்பறையைக் காட்டினார்கள். 38 மேசைகள். எண்ணிப் பார்த்தேன்.